சும்மா ஸ்டேசன்

கொடிமலை ரயிலில் யாரும் ஏறாத, யாரும் இறங்காத நிறுத்தம் ஒன்று இருந்தது. அதற்கும் சம்பளம் கொடுத்து ஓர் ஆளை வைத்திருந்தார்கள். நான் அந்த வண்டியில் கண்டக்டராக இருந்த வருஷங்களில் அவர் அங்கேதான் நின்றார். அவருக்குப் பெயர் இருந்திருக்கும். சம்பள நாளில் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி கூப்பிடும்போது என் காதிலும் விழுந்திருக்கும். ஆனால் எங்களுக்கு அவர் 'சும்மா ஸ்டேசன் அண்ணே'. வண்டி அங்கே சும்மா நிற்கும், சும்மா புறப்படும். அதனால் அது சும்மா ஸ்டேசன். அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் நான்தான். வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

மலை ரயில் பார்க்காதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஓர் இரும்புக் கயிறு, அதன் இரு முனையிலும் ஒவ்வொரு வண்டி, மலையுச்சியில் கயிற்றை இழுக்கும் இயந்திரம். கிணற்று உருளையில் இரண்டு வாளி தொங்குகிற மாதிரிதான். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். ஒன்று நின்றால் மற்றதும் நின்றாக வேண்டும். மலையின் மேற்பாதியில் மேல்தோட்டம் என்று ஒரு நிறுத்தம். நாலைந்து பங்களா, சீனர்களின் கீரைத் தோட்டம், ஒரு சலவைக் கொட்டகை என்று அங்கே ஆள் நடமாட்டம் உண்டு. ஏற இறங்க ஆள் இருந்தால்தான் வண்டி அங்கே நிற்கும். அங்கே ஒரு வண்டி நின்றால் மற்ற வண்டி கீழ்ப்பாதியில் ஓரிடத்தில் வந்து நிற்கும். அங்கே ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். வீடு கிடையாது, பாதை கிடையாது. ரயில் போட்டவர்கள் என்ன நினைத்தார்களோ, வண்டி நிற்கிற இடம் என்று அந்தப் பள்ளத்து விளிம்பிலும் ஒரு மேடை கட்டிவிட்டார்கள். மேடை கட்டியதால் ஓர் இரும்புக் கேட். கேட் இருந்ததால் அதைத் திறந்து மூட ஓர் ஆள்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். எங்கள் ஊர் பாகான் டாலாமில் இருந்து விடிகாலையில் படகேறி, அக்கரைத் தீவில் ட்ராம் பிடித்து, புதுக் காக்கிச் சட்டையின் கஞ்சி மொடமொடப்போடு வண்டியில் ஏறியிருந்தேன். வண்டி நின்றது. உயரமாக, ஒல்லியாக, கோட்டின் கை முழங்கைக்குச் சற்றுக் கீழேயே முடிந்துபோன ஒரு மனிதர் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும்.

"யாராவது எறங்கறாங்களா?"

அங்கே யாரும் இறங்குவதில்லை என்று எனக்குச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

"கதவத் தொற தம்பி."

"இங்க யாருண்ணே எறங்கப் போறா?"

"தொறந்தாத்தானே தெரியும்."

திறந்தேன். யாரும் இறங்கவில்லை. மேல்தோட்டத்தில் நிற்கிற வண்டிதான் புறப்படும் மணியை அடிக்கும். அது அடிக்கும்வரை அவர் கேட்டைப் பிடித்தபடி, உள்ளே இருக்கிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். மணி அடித்ததும் கேட்டைச் சாத்திவிட்டு, மொத்த வண்டிக்கும் சேர்த்துக் கையை உயர்த்தினார். "சரி, போய்ட்டு வாங்க."

ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது இது நடக்கும். ஏறும்போதும் அதே கேள்வி, இறங்கும்போதும் அதே கேள்வி. திறக்காவிட்டால் விடமாட்டார். அவரோடு மல்லுக்கட்டுவதற்குத் திறந்து தொலைப்பதே மேல் என்று ஆனது. பிறகு என் கை அதுபாட்டுக்குத் திறக்கப் பழகிவிட்டது.

அவர் மேடையை உங்களுக்குக் காட்ட வேண்டும். ஓர் இலை கிடக்காது. பாறையோரக் கொட்டகையில் அவர் பாய், பெட்டி, அடுப்பு. மேடையில் பலகை பெஞ்சு ஒன்று. அதில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு மண்பானை, அதன் மூடிமேல் ஒரு பித்தளை லோட்டா. லோட்டாவைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருப்பார். ஒருமுறை, நல்ல வெயில். என் வண்டியில் கனத்த துணிக்கடைக்காரர் ஒருவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். வண்டி நின்றதும் பானையைப் பார்த்துவிட்டார்.

"ஏம்ப்பா, கொஞ்சம் தண்ணி குடு."

"எறங்கி வாங்க, தர்றேன்."

"எறங்கி வர நேரமில்லப்பா. இப்படி நீட்டு."

"இது எறங்கறவங்களுக்குங்க."

மணி அடித்துவிட்டது. வண்டி நகர்ந்தது. அவர் கையை உயர்த்தி "போய்ட்டு வாங்க" என்றார். கடைக்காரர் உச்சி போய்ச் சேரும்வரை என்னைத்தான் திட்டினார். இறக்கத்தில் வண்டி நின்றதும் நான் அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். "ஒரு வாய் தண்ணிகூடவா குடுக்க மாட்டீங்க? நீங்கள்லாம் மனுசனாண்ணே?"

அவர் கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னார். "வண்டியில போறவருக்குப் போற எடத்துல தண்ணி இருக்கும் தம்பி. இங்க எறங்கறவருக்கு வேற என்ன இருக்கு?"

இந்த மனிதருக்கு ஒரு மரை கழன்றிருக்கிறது என்று அன்று முடிவு செய்தேன். அந்த முடிவு ரொம்ப நாள் நிலைக்கவில்லை. காரணம், அவருடைய இன்னொரு பழக்கம்.

வண்டி நிற்கிற நேரத்தை வைத்து, மேல்தோட்டத்தில் என்ன நடக்கிறது என்று சொல்வார். அவரிடம் கடிகாரம் கிடையாது. கேட்டைப் பிடித்த கையில் ஒரு விரல் மட்டும் இரும்பைத் தட்டிக்கொண்டிருக்கும். "ஒத்த ஆளு. கையில ஒண்ணுமில்ல." வண்டி புறப்பட்டுவிடும். "இது சாமானு. பெட்டியே நாலு இருக்கும்லா." நிற்கும். "கெழவரு யாரோ. படியில தடுமாறுறாரு." இன்னும் நிற்கும். நான் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவேன்.

ஒரு நாள் காலை இறக்கத்தில், விரலைத் தட்டியபடி, "மாசமா இருக்கிற பொம்பள. ரொம்ப மெதுவா எறங்குது. அவசரப்படுத்தாதீங்கப்பா" என்றார், யாரிடமோ கெஞ்சுகிற குரலில். மற்ற வண்டியின் கண்டக்டர் காதர் பாய். சாயங்காலம் கீழ் ஸ்டேசனில் அவரோடு கோப்பி குடிக்கும்போது கேட்டேன்.

"பாய், காலையில மேல்தோட்டத்துல யாரு எறங்குனா?"

"ஒரு அம்மா. மாசமா இருக்காங்க. ஏன்டா?"

அதற்குப் பிறகு அவர் சொல்வதைக் கவனிக்க ஆரம்பித்தேன். முக்கால்வாசி சரியாக இருக்கும். சில மாதம் கழித்து ஒரு நாள், வண்டி நின்று போகும்வரை வாயே திறக்காமல் இருந்தவர், கடைசியில் கேட்டைச் சாத்திக்கொண்டே சொன்னார். "பொறந்துருச்சு தம்பி."

"யாருக்குண்ணே?"

"அந்த அம்மாவுக்கு. ஏறும்போது யாரோ கையில எதையோ வாங்கிக் குடுத்தாங்க. அந்த நேரம் கூடுதலா நின்னுச்சு."

காதர் பாயிடம் கேட்டேன். துணியில் சுற்றிய குழந்தைதான். அன்று முழுக்க அவர் முகம் மலர்ந்திருந்தது. தெரியாத ஒருத்தி, பார்க்காத ஒரு குழந்தை. ஒரு தரம் மேல்தோட்டத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்றேன். "நான் அங்க போய்ட்டா இங்க யாரு நிப்பா?" என்றார். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கூப்பிட்டபோதும் அதே பதில்தான். "அன்னைக்குத்தான் வண்டியில கூட்டம் ஜாஸ்தி தம்பி." ஊர் எது, பெண்டு பிள்ளை உண்டா என்று கேட்டால் சிரிப்பார். தண்டவாளம் போடும்போது அங்கே கூலியாக வந்தவர், வேலை முடிந்து எல்லோரும் இறங்கிப் போனபோது இவர் மட்டும் தங்கிவிட்டார் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த கதை.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்லவேண்டும். ஏதோ பண்டிகை விடுமுறை. வண்டி நிறைய இளவட்டங்கள். எனக்கும் அவர்களை ஒரு சிரிப்புக் காட்ட வேண்டும் என்ற அரிப்பு. வண்டி நின்றது. "யாராவது எறங்கறாங்களா?" என்றார்.

"ஒருத்தர் எறங்கறார்ண்ணே" என்றேன்.

அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வேண்டாம், பார்க்காததே நல்லது. கேட்டை விட்டுவிட்டு ஓடினார். தோள்துண்டால் பெஞ்சைத் துடைத்தார். கோட்டின் பொத்தானைப் போட்டார். ஐந்தில் மூன்றுதான் இருந்தன. பானை மூடியைத் திறந்து லோட்டாவை முக்கி எடுத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கேட்டுக்கு வந்து நின்றார். வண்டியே சிரித்தது. மணி அடித்தது.

திரும்பி வரும்போது என்ன சொல்வாரோ என்று இருந்தது. அவர் வழக்கம்போலக் கேட்டைத் திறந்தார். "பரவால்ல தம்பி. பெஞ்ச எப்படியும் தொடைக்கணும்லா" என்றார். அதன் பிறகு "யாராவது எறங்கறாங்களா?" என்று கேட்கும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டார். எனக்குப் பின்னால் இருக்கிறவர்களைப் பார்த்துக் கேட்பார். நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கண்டக்டர் என்ற திமிர்.

அந்த வருஷக் கடைசியில் புயல் அடித்தது. மூன்று நாள் விடாத மழை, காற்று. கடலில் படகு ஓடவில்லை. நான் பாகான் டாலாமிலேயே மாட்டிக்கொண்டேன். நாலாம் நாள் போய்ச் சேர்ந்தால், மலையின் பாதி ரயில் பாதையில் கிடந்தது. சும்மா ஸ்டேசன் இருந்த இடத்தில் செம்மண் வழிந்த வடு மட்டும்தான். மேடை, பெஞ்சு, கொட்டகை, எல்லாம் பள்ளத்துக்குள் போயிருந்தன.

அவரும் போய்விட்டார் என்றுதான் நினைத்தோம். மத்தியானம் தண்டவாளத்தின் ஓரமாக ஓர் ஆள் இறங்கி வருவதைக் காதர் பாய்தான் முதலில் பார்த்தார். தோளில் இரும்புக் கேட்டின் கதவு. இடுப்பில், வேட்டி மடிப்பில், லோட்டா. மண் சரிய ஆரம்பித்ததும் கீலில் இருந்து கேட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு பாறை மேல் ஏறியிருக்கிறார்.

"உசிரு பொழைக்கிற நேரத்துல கேட்டு எதுக்குய்யா?" என்று காதர் பாய் கத்தினார்.

"அது என் பொறுப்புல இருக்குதுங்களே" என்றார் அவர். உதடெல்லாம் வெளுத்து, நடுங்கிக்கொண்டிருந்தார்.

பாதையைச் சரிசெய்யச் சில வாரங்கள் பிடித்தன. வண்டி மறுபடி ஓடியது. மற்ற நிறுத்தங்கள் எல்லாம் திறந்தன. சும்மா ஸ்டேசனை மட்டும் கட்டவில்லை. யாரும் இறங்காத இடத்துக்கு எதற்கு மேடை என்றார்கள். நியாயம்தான். நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். வண்டி என்னவோ அங்கே நின்றுகொண்டுதான் இருந்தது. மேல்தோட்டத்தில் ஆள் இறங்கும்வரை, செம்மண் சரிவுக்கு மேலே, அந்தரத்தில் நிற்கிற மாதிரி நிற்கும்.

அவரைக் கீழ் ஸ்டேசனில் போட்டார்கள். வண்டி இருக்கைகளைத் துடைக்கிற வேலை. காலை முதல் மாலைவரை நூற்றுக்கணக்கானவர்கள் ஏறுகிற, இறங்குகிற இடம். கூட்டத்துக்குள்ளே துணியும் கையுமாக வழிவிட்டு வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டே இருப்பார். அத்தனை பேர் நடுவில் அந்த மனிதர் தனியாக இருந்ததைப் போல மலையில் ஒரு நாளும் இருந்ததில்லை. கேட்டைக் கொண்டுபோய் சாமான் அறைச் சுவரில் சாத்தி வைத்திருந்தார். அதைத் தினமும் துடைப்பார்.

ஒவ்வொரு தடவை நான் இறங்கி வரும்போதும் ஓடி வருவார். "நின்னுச்சா தம்பி?"

"நின்னுச்சுண்ணே."

"எவ்வளவு நேரம்?"

ஆரம்பத்தில் நினைவுபடுத்திச் சொன்னேன். அப்புறம் அலுத்துவிட்டது. "ஒரு நிமிசம்" என்பேன். மறுதரம் கேட்டாலும் ஒரு நிமிஷம். நாலைந்து நாள் பொறுத்துவிட்டு, "எல்லாரும் ஒரே மாதிரியா எறங்குவாங்க தம்பி?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு கேட்கவில்லை. துணியைப் பிழிந்துகொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

அதற்கு அடுத்த வாரம்தான் பால்காரர் விழுந்தார். தினமும் காலையில் பால் கேனோடு மேல்தோட்டத்துக்குப் போகிறவர். ஏறியதும் தூங்கிவிடுவார். முன்பெல்லாம் வண்டி சும்மா ஸ்டேசனில் நிற்கும்போது, தூக்கக் கலக்கத்தில் எழுந்து கேனைத் தூக்குவார். "பால்காரரே, இது இல்ல. உக்காருங்க" என்று கேட்டில் இருந்து அண்ணன் குரல் கொடுப்பார். தினமும் நடக்கிற கூத்து. நாங்கள் அதைக் கவனித்தது கூட இல்லை.

அன்று நல்ல மூடுபனி. வண்டி நின்றது. என் கை கதவைத் திறந்தது. எதற்குத் திறந்தாய் என்று என்னைக் கேட்காதீர்கள். வருஷக்கணக்காகத் திறந்த கை. பிறகு நான் மறுபக்க ஜன்னலைச் சாத்தத் திரும்பினேன். கேன் உருளுகிற சத்தம் கேட்டது. பால்காரரின் அலறல் அதற்குப் பிறகுதான் கேட்டது.

ஆள் பிழைத்தார். தொடை எலும்பு முறிந்தது. அவரைச் சரிவில் இருந்து தூக்கி வந்தபோது, செம்மண்ணில் பால் ஓடியிருந்தது.

விசாரணை கீழ் ஸ்டேசன் ஆபீசில் நடந்தது. ரயிலை நடத்தும் வெள்ளைக்காரத் துரை மேசைக்குப் பின்னால். கிராணி பக்கத்தில் நின்று தமிழில் கேட்டார்.

"மேடை இல்லாத எடத்துல கதவத் தொறக்க உனக்கு யாரு சொன்னது?"

எனக்கு அடுத்த மாதம் கல்யாணம். வேலை போனால் பெண் கொடுக்கமாட்டார்கள். யார் சொன்னது என்று எனக்குத் தெரியும். சொன்னால் நான் தப்பிக்கலாம். அவர் சீட்டைக் கிழித்து அனுப்பிவிடுவார்கள், அந்த ஸ்டேசனைப் பற்றி இனி யாரும் பேசவும் மாட்டார்கள். நான் நல்லவன் என்று நினைத்துவிடாதீர்கள். வாயைத் திறந்தேவிட்டேன். அதற்குள் பின்னால் இருந்து குரல் வந்தது.

"நாந்தான் சொன்னேங்க."

வாசலில் அவர் நின்றார். கையில் ஈரத்துணி. கிராணி எரிந்து விழுந்தார். "உன்னை யாரு கூப்பிட்டா? நீ யாரு இதுல?"

"அந்த ஸ்டேசன் ஆளுங்க. கதவத் தொறன்னு தம்பிகிட்ட தெனமும் நாந்தான் சொல்லுவேன். பழக்கிட்டேங்க."

கிராணி அதைத் துரையிடம் சொல்ல, துரை ஏதோ கேட்க, கிராணி திரும்பினார். "அங்க ஸ்டேசனே இல்லையே, நீ எந்த ஸ்டேசன் ஆளுங்கிறார் தொரை."

"வண்டி நிக்குதுங்களே" என்றார்.

கிராணி அதை மொழிபெயர்க்கச் சற்று நேரம் எடுத்துக்கொண்டார். துரை பேனாவை மூடி வைத்துவிட்டு, வெளியே மலையைப் பார்த்தார்.

எனக்கு ஒரு வாரச் சம்பளப் பிடித்தம். அவருக்குத் தண்டனை எதுவும் இல்லை. சில நாளில் உத்தரவு வந்தது. வண்டி நிற்பதைத் தவிர்க்க முடியாது. ஆகவே மேடை கட்டப்படும். அங்கே ஓர் ஆள் நிற்பார். கேட் எப்போதும் பூட்டியே இருக்க வேண்டும். வண்டிக் கதவைத் திறக்கக் கூடாது. யாரையும் அங்கே இறங்கவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த ஆளின் வேலை.

கிராணி படித்துக் காட்டி, ஒரு புதுப் பூட்டையும் சாவியையும் அவர் கையில் கொடுத்தார். ஸ்டேசன் திரும்பக் கிடைத்த சந்தோஷத்தில் அவருக்கு முதலில் விளங்கவில்லை. "பூட்டு எதுக்குங்க?" என்றார். கிராணி போய்விட்டார். நான்தான் விளக்கினேன். பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரையுமேவா?"

"யாரையுமேதான்ணே."

"சரி. நிக்கிறதுக்கு எடம் குடுத்தாங்களே" என்றார்.

மீண்டும் திறந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. சிமெண்டு மேடை, தகரக் கூரை, புதுப் பெஞ்சு. பழைய கேட்டையே கேட்டு வாங்கி மாட்டியிருந்தார். கூலிகள் தேங்காய் உடைத்துச் சூடம் கொளுத்தியிருந்தார்கள். என் வண்டியில் துரை, கிராணி, இன்னும் இரண்டு மூன்று கனவான்கள். வண்டி நின்றது. கோட்டில் ஐந்து பொத்தானும் இருந்தன. நிறம்தான் வேறு வேறு. கேட்டில் ஒரு சாமந்திச் சரம். பானை மேல் லோட்டா, அதன் மேல் வாழையிலைத் துண்டு. பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

துரை ஜன்னல் வழியாக மேடையைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். தலையை ஆட்டினார். மணி அடித்தது. அவ்வளவுதான் திறப்பு விழா.

அன்றிலிருந்து அவர் "யாராவது எறங்கறாங்களா?" என்று கேட்பதில்லை. பூட்டிய கேட்டுக்குப் பின்னால் நின்று, யாராவது எழுந்தால், உரக்க "இது இல்லீங்க. உக்காருங்க" என்பார். தாங்குகட்டையோடு திரும்பி வந்த பால்காரரிடமும் சொல்வார்; அவர் என்னைப் பார்த்து முறைத்துவிட்டு உட்காருவார். என் கதவும் மூடியிருக்கும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், கம்பிக்கு அந்தப் பக்கம் அவர். கத்தினால் ஒழியப் பேச்சு கேட்காது என்பதால், மேல்தோட்டத்தில் எத்தனை பேர் என்பதை இப்போது விரலால் காட்டுவார். ஒரு விரல், இரண்டு விரல். சாமான் என்றால் தலையில் கை வைப்பார். நான் தலையாட்டுவேன். அந்தக் காலத்தில்தான் நான் அவரைப் பார்க்கக் காத்திருக்க ஆரம்பித்தேன். அலுப்பும் எரிச்சலும் போய், அந்த வளைவு வந்ததும் கண் தானாகத் தேடும். இதை அவரிடம் சொல்லியிருக்கலாம். கண்ணாடி இருந்தது என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

கல்யாணம் ஆகி இரண்டு வருஷத்தில் மாமனார் எங்கள் கரையில், கெப்பாலா பத்தாஸில், அரசாங்க ஆபீஸ் ஒன்றில் எனக்கு பியூன் வேலை பார்த்துக் கொடுத்தார். மலை ரயிலில் கடைசி நாள். உச்சியில் விசிலையும் மணியடிக்கும் கோலையும் புது ஆளிடம் ஒப்படைத்துவிட்டு, பயணியாக இறங்கி வர வேண்டும்.

கடைசி ஏற்றத்தில் வண்டி சும்மா ஸ்டேசனில் நின்றது. நான் கதவைத் திறந்தேன். இனி என்ன செய்துவிடுவார்கள்?

"அண்ணே, நான் எறங்கறேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தார். யார் சிரிக்கிறார்கள் என்று பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"நெசமாத்தான்ணே. வேலைய விட்டுட்டேன். இன்னைக்குத்தான் கடைசி."

அப்போதுதான் சாவியைத் தேடினார். கோட்டுப் பையில் இல்லை, மடியில் இருந்தது. பூட்டு திறக்க மாட்டேன் என்றது, பிறகு திறந்தது. கேட்டைத் தள்ளினார். நான் ஒரு காலை மேடையில் வைத்தேன். அவர் பானைக்கு ஓடி, லோட்டாவை முக்கி எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார். நான் இரண்டு கையாலும் வாங்கினேன்.

மணி அடித்தது. மேலே ஒற்றை ஆள்தான் போலிருக்கிறது. கையில் ஒன்றும் இல்லை போலிருக்கிறது. வண்டி குலுங்கி நகர்ந்தது. உள்ளே முப்பது பேர், கண்டக்டர் நான். யோசிக்கும் முன்னால் என் உடம்பு வண்டிக்குள் தாவிவிட்டது. லோட்டா என் கையில். திறந்த கேட்டில் அவர்.

"குடி தம்பி! குடிச்சிரு!" என்று கத்தினார். நான் நின்றபடியே குடித்தேன். பாறையிலிருந்து கசியும் தண்ணீர். பல் கூசும் குளிர்ச்சி.

திரும்பி இறங்கும்போது நான் பயணி. லோட்டாவை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மேல்தோட்டத்தில் அப்போது யாரும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வண்டி அவர் நிறுத்தத்தில் நிற்கவில்லை. நிறுத்தச் சொல்லி நான் கேட்டிருக்கலாம். புதுக் கண்டக்டருக்குப் பக்கத்தில் துரை உட்கார்ந்திருந்தார்.

வளைவு தாண்டியதும் அவர் தெரிந்தார். கேட்டைப் பூட்டியிருந்தார். நான் லோட்டாவை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காட்டினேன். அவர் அதை வாங்கக் கையை நீட்டவில்லை. என்னைப் பார்த்து, சிரித்த முகமாக, ஒரு விரலைக் காட்டினார். மேல்தோட்டத்து ஆளை எண்ணிச் சொல்கிற அதே ஒரு விரல்.

மேலே அன்று அந்த நேரத்தில் யாருமே இல்லை. அவர் காட்டியது தம்முடைய ஸ்டேசனில் இறங்கிய ஆளை. நான் வைத்தது ஒரு கால்தான். அவர் அதை முழு ஆளாகச் சேர்த்துக்கொண்டார்.

அடுத்த வாரமே வந்து கொடுத்துவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். வேலை, குழந்தை, கடல் தாண்டிய தூரம் என்று வருஷங்கள் ஓடின. ஒரு வழியாகப் போனபோது கேட்டுக்குப் பின்னால் வேறு யாரோ நின்றார்கள். அண்ணன் எங்கே என்று கேட்டால் தெரியாது என்றார்கள். லோட்டா என் வீட்டில் இருக்கிறது. அவரிடம் வேறு லோட்டா இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.